வேனை மூடிவிட்டு எல்லோரையும் ஏஎஸ்2-க்கு மாற்றினால் செலவு குறையுமா?

ஜூன் 2, மாலை 6:10 (கேள்வி)

40 பார்ட்னர்கள். மாதம் சுமார் 6000 இடிஐ ஆவணங்கள் (கணினிக்குக் கணினி போகும் வணிக ஆவணங்கள்): ஆர்டர், இன்வாய்ஸ், சரக்கு அனுப்பும் அறிவிப்பு. அதில் 70 சதவீதம் மூன்றே மூன்று பெரிய பார்ட்னர்களுடையது. எல்லாமே ஒரே வேன் வழியாகப் போய் வருகிறது, கிலோ கேரக்டர் (1000 எழுத்து) கணக்கில் பில் வருகிறது. ஏஎஸ்2 (இணையம் வழியே பார்ட்னருக்கு நேரடியாக அனுப்பும் முறை) இலவசம் என்கிறார்கள். எல்லோரையும் மாற்றிவிட்டு வேனை மூடிவிடலாமா?

ஜூன் 2, இரவு 9:35

மூடாதீர்கள். ஏஎஸ்2 இலவசம் என்பது பாதி உண்மை. எழுத்துக்கு இவ்வளவு என்று யாரும் பில் போட மாட்டார்கள், சரி. ஆனால் இதுவரை வேன் பார்த்த வேலை உங்கள் மேசைக்கு வந்துவிடும்: யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்குப் போகவில்லை, யாருடைய டிஜிட்டல் சர்டிஃபிகேட் காலாவதி, ராத்திரி இரண்டு மணிக்கு யாருடைய சர்வர் படுத்துக்கொண்டது என்பதெல்லாம்.

(புதிதாகப் படிப்பவர்களுக்கு: வேன் என்றதும் சரக்கு வண்டியை நினைக்காதீர்கள். மதிப்புக்கூட்டு வலையமைப்பு. நடுவில் உட்கார்ந்து, உறையைப் பார்த்து, சரியான அஞ்சல்பெட்டியில் போடுகிற இடைத்தரகர்.)

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கு மாதம் 4200 ஆவணங்கள். மிச்சம் 1800, அதை 37 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 49 கூட வராது. அந்த மூன்று பேரை மட்டும் நேரடி ஏஎஸ்2-க்கு மாற்றுங்கள். 37 பேரையும் மாற்றினால் 37 சோதனை, 37 சர்டிஃபிகேட் பரிமாற்றம், 37 ஃபயர்வால் விதி. மாதம் 49 ஆவணத்துக்காக.

ஜூன் 3, காலை 7:50

பில்லைப் பிரித்துப் பார்த்தீர்களா? வழக்கமாக நான்கு வரி இருக்கும். அஞ்சல்பெட்டி மாத வாடகை, கிலோ கேரக்டர் கட்டணம் (1000 எழுத்துக்கு இவ்வளவு), ஓர் ஆவணத்துக்கான குறைந்தபட்சக் கட்டணம், பார்ட்னர் வேறு வேனில் இருந்தால் இணைப்புக் கட்டணம். அனுப்பினாலும் காசு, பெற்றாலும் காசு என்பதுதான் பெரும்பாலான ஒப்பந்தங்களில்.

இதில் யாரும் கவனிக்காத வரி 997. ஆர்டர் வந்தால் "கிடைத்தது, வாசிக்க முடிந்தது" என்று திரும்பப் போகும் ஒப்புகை. எழுத்தை எண்ணிப் பாருங்கள்: ஐஎஸ்ஏ வரி (உறையின் முகவரி) 106, ஜிஎஸ் வரி (குழுவின் தலைப்பு) சுமார் 55, மிச்சமுள்ள குட்டி வரிகள் எல்லாம் சேர்ந்து சுமார் 70. மொத்தம் 230 சொச்சம். ஆனால் குறைந்தபட்சம் 1 கிலோ கேரக்டர் என்று ஒப்பந்தம் சொன்னால் 230-க்கு 1000-க்கான காசு.

ஆவணத்துக்குச் சராசரி 2.2 கிலோ கேரக்டர் என்று வைத்தால் 6000 ஆவணங்களுக்கு 13,200. ஒவ்வொன்றும் தனி உறையில் போனால் 997-களும் 6000, அதற்கு 6000 கிலோ கேரக்டர். பில்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெறும் "கிடைத்தது, கிடைத்தது".

மருந்து: தொகுத்து அனுப்புவது. பத்து ஆர்டரை ஒரே குழுவில் போட்டால் ஒரே 997 போதும். உள்ளே ஒவ்வோர் ஆர்டருக்கும் ஏகே2, ஏகே5 என்ற ஒப்புகை வரிகளாகச் சுமார் 20 எழுத்து கூடும். 230-உடன் 200 சேர்த்து 430. அதுவும் 1 கிலோ கேரக்டருக்குள்தான். 6000 என்பது 600 ஆகிவிடும்.

ஜூன் 3, மதியம் 1:15

காலையில் அவசரப்பட்டு எழுதியதில் இரண்டு திருத்தம்.

ஒன்று, எல்லா வேனும் ஆவணத்துக்கு ஆவணம் மேல்நோக்கி முழுமையாக்குவதில்லை. சிலர் மாதக் கடைசியில் மொத்த எழுத்தைக் கூட்டி 1000-ஆல் வகுப்பார்கள். அப்படியென்றால் 6000 ஒப்புகைகளுக்கு 1380 கிலோ கேரக்டர்தான் வரும், என் "மூன்றில் ஒரு பங்கு" காற்றில் போய்விடும். ஒப்பந்தத்தில் "குறைந்தபட்சம்", "முழுமையாக்கல்" என்ற இரண்டு சொல்லைத் தேடிப் படியுங்கள்.

இரண்டு, தொகுப்பது எல்லா ஆவணத்துக்கும் ஒத்துவராது. இன்வாய்ஸை ஒரு நாளைக்கு இரண்டு முறை தொகுத்து அனுப்பலாம், யாருக்கும் நஷ்டமில்லை. 856 என்கிற அனுப்பு அறிவிப்பைத் தொகுத்தால் லாரி முன்னால் போய்ச் சேரும், அறிவிப்பு பின்னால் போகும். கிடங்கில் பெட்டியின் பார்கோடை ஸ்கேன் செய்தால் கணினிக்கு அந்தப் பெட்டியே தெரியாது. பல பெரிய சில்லறை நிறுவனங்கள் இதற்குத் தனியாக அபராதம் பிடிக்கும். கிலோ கேரக்டரில் மிச்சம் பிடித்ததை அங்கே கட்டவேண்டி வரும்.

(ஆக, வேனில் அறிவிப்பு, வேனுக்கு முன்னால் வேன். இத்துடன் இந்தச் சிலேடையை நிறுத்திக்கொள்கிறேன்.)

ஜூன் 3, இரவு 10:20

வரி முறிப்பு. ஒவ்வொரு செக்மென்ட் (ஆவணத்தின் ஒரு தகவல் துண்டு) முடிவிலும் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று புதுவரிக் குறி போடுகிறார்கள். விண்டோஸ் பாணி என்றால் 2 எழுத்து. 200 பொருள் வரி உள்ள ஆர்டர், வரிக்கு 4 செக்மென்ட் என்றால் 800 செக்மென்ட், 1600 எழுத்து. ஓர் ஆவணத்துக்கு 1.6 கிலோ கேரக்டர் வெற்றிடத்துக்கு. "~" என்ற முடிவுக்குறி இருக்கும்போது புதுவரி தேவையே இல்லை.

எடுப்பதற்கு முன் பார்ட்னரிடம் சொல்லிவிடுங்கள். எக்ஸ்12 (அமெரிக்க இடிஐ தரம்) விதிப்படி வாசிக்கிற நிரல் எதுவும் தடுமாறாது. வரி வரியாக வாசிக்கும் பழைய வீட்டுத் தயாரிப்பு நிரல் இருந்தால் மொத்த ஃபைலும் ஒரே வரியாகப் போய் நிற்கும்.

ஜூன் 4, காலை 8:05

"ஜிப் செய்து வேனில் போட்டால் பத்தில் ஒரு பங்குதானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் வேலைக்கு ஆகாது. வேன் உறையின் ஐஎஸ்ஏ வரியைப் படித்துத்தான் யாருக்கு என்று முடிவு செய்கிறது. சுருக்கிவிட்டால் முகவரியே தெரியாது. வேனுடன் இணைக்கும் தடத்தில் சுருக்கம் இருந்தாலும் பில் பொதுவாக விரித்த எழுத்துக்குத்தான்.

ஏஎஸ்2-இல் சுருக்கலாம், முறையாகவே வசதி இருக்கிறது (இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 5402). ஒரே செக்மென்ட் பெயர் திரும்பத் திரும்ப வருவதால் இடிஐ நன்றாகவே சுருங்கும். ஆனால் அங்கே எழுத்துக்குக் காசு இல்லையே, எதற்குச் சுருக்க வேண்டும்? சில எம்பி தாண்டும் விலைப்பட்டியலுக்கு மட்டும் போடுங்கள். கையொப்பத்துக்கு முன்னா பின்னா என்று இரு பக்கமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மாறிப்போனால் சரிபார்ப்புத் தொகை (எழுத்து மாறவில்லை என்று காட்டும் கணக்கு எண்) ஒத்துப்போகாது.

ஜூன் 4, மாலை 7:30

கிலோ கேரக்டருக்கு ஏன் காசு என்ற கேள்விக்கு. டயல்-அப் காலத்து வழக்கம் இது. 2780, 3780 என்ற பைசிங்க் நெறிமுறையில் மோடம் போட்டுக் கூப்பிட்டு ஃபைலைத் தள்ளுவார்கள். 2400, 4800 பிட் வேகம். ஒவ்வோர் எழுத்தும் தொலைபேசி நிமிடம். 3780-இல் தொடர் வெற்றிடங்களைச் சுருக்கும் வசதி இருந்தது. காலி இடத்துக்குக் காசு தரக்கூடாது என்று அப்போதே யோசித்திருக்கிறார்கள், நாம்தான் புதுவரி போட்டுக்கொண்டிருக்கிறோம். தடம் மலிந்துவிட்டது, பில் போடும் அலகு மட்டும் மாறவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மாதத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று கேட்டுப் பாருங்கள். "மூன்று பெரிய பார்ட்னர்களை வெளியே எடுக்கப் போகிறோம்" என்று சொல்லிவிட்டுக் கேட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

ஐரோப்பிய கார்த் தொழிலில் இதே வேலைக்கு ஓஎஃப்டிபி என்ற ஃபைல் பரிமாற்ற நெறிமுறை. 1986-இல் ஒடெட் என்ற அத்துறை அமைப்பு கொண்டுவந்தது. எக்ஸ்.25, பிறகு ஐஎஸ்டிஎன் என்ற பழைய தொலைத்தொடர்புத் தடங்கள் மேல் ஓடியது. 2007-இல் ஓஎஃப்டிபி2 (ஆர்எஃப்சி 5024) இணையத்துக்கு வந்தது. டிஎல்எஸ் (பூட்டிய இணைப்பு) உடன் போர்ட் 6619. அறுந்துபோன ஃபைலை விட்ட இடத்திலிருந்து தொடரலாம், கடைசி முனையிலிருந்து ஒப்புகை வரும். பெரிய வடிவமைப்பு வரைபடங்களை அனுப்புபவர்களுக்கு ஏஎஸ்2-ஐ விட இதுவே சௌகரியம். உங்கள் பார்ட்னர் அந்தத் துறை என்றால் தேர்வு உங்கள் கையில் இல்லை, அவர் சொல்வதுதான்.

ஜூன் 5, காலை 6:55

"மூன்று பேரிடம் ஏஎஸ்2 போடுகிறோம், என்னென்ன தேவை?" ஏஎஸ்2 என்பது எச்டிடிபி மேல் கையொப்பமிட்டு, பூட்டி (மறையாக்கம் செய்து) அனுப்புவது, ஆர்எஃப்சி 4130, 2005. அதற்கும் முன்னாலேயே, 2002-இல், வால்மார்ட் தன் சப்ளையர்களை ஏஎஸ்2-க்கு வரச் சொன்னதுதான் அது பரவியதற்குப் பெரிய காரணம்.

பார்ட்னருக்குக் கொடுப்பதும் வாங்குவதும்: ஏஎஸ்2 அடையாளம் (பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு உண்டு, ஒரு வெற்றிடம் கூடினாலும் "தெரியாத பார்ட்னர்"), யூஆர்எல், வெளியே போகும் ஐபி, உள்ளே வரும் ஐபி, கையொப்ப சர்டிஃபிகேட், பூட்டும் சர்டிஃபிகேட் (பெரும்பாலும் ஒன்றே), அல்காரிதம், எம்டிஎன் (ரசீது) உடனேயா பிறகா. சோதனைக்கும் உற்பத்திக்கும் தனித்தனி அடையாளம். ஓபன்ஏஎஸ்2 போன்ற திறந்த மூல மென்பொருளே மூன்று பேருக்குப் போதும். ஆனால் 24 மணி நேரமும் எழுந்திருக்கும் சர்வரும், அது விழுந்தால் கவனிக்க ஓர் ஆளும் வேண்டும். செலவு அங்கே இருக்கிறது, லைசென்ஸில் இல்லை.

எம்டிஎன் என்பது ரசீது. கையொப்பமிட்ட ரசீது என்றால், நீங்கள் அனுப்பியது அவருக்கு எழுத்துப் பிசகாமல் கிடைத்தது என்பதற்குச் சாட்சி. உடனடி ரசீதைத் தேர்ந்தெடுங்கள், அதே எச்டிடிபி இணைப்பிலேயே திரும்பிவிடும். ஃபைல் பெரிதாகி, அவர் பக்கம் வாசித்து முடிக்க நேரம் பிடித்தால் மட்டும் பிறகு வரும் ரசீது. அதற்கு உங்கள் பக்கமும் வாசலைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

ஜூன் 5, இரவு 11:10

மேலே சொன்னதில் மிக முக்கியமானதை விட்டுவிட்டேன்.

உடனடி ரசீது நேரத்துக்குள் வரவில்லை என்று உங்கள் சர்வர் இணைப்பை வெட்டுகிறது. அவர் பக்கம் ஆர்டர் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. நீங்கள் மறுபடி அனுப்புகிறீர்கள். தானியங்கி மறுமுயற்சி பழைய மெசேஜ்-ஐடியோடு போனால் அவர் சர்வர் "இது ஏற்கெனவே வந்தது" என்று ரசீதை மட்டும் திருப்பிக் கொடுக்கும். ஆனால் ஆபரேட்டர் திரையில் "மறுபடி அனுப்பு" பொத்தானை அழுத்தினால் பல மென்பொருள்கள் புது மெசேஜ்-ஐடி போடும். அவருக்கு அது புது ஆவணம். ஒரே ஆர்டர் இரண்டு முறை, இரண்டு லாரி சரக்கு.

காவல் இரண்டு இடத்தில் வேண்டும். மெசேஜ்-ஐடியில் ஒன்று, உள்ளே ஐஎஸ்ஏ13 என்கிற 9 இலக்க உறை எண்ணில் இன்னொன்று. இரண்டாவதுதான் கடைசிக் கதவு. அதை அணைத்து வைத்திருக்கும் இடிஐ மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன, இன்றைக்கே உங்களுடையதைப் பாருங்கள்.

ஜூன் 6, காலை 9:00

சோதனையில் அடிக்கடி விழும் பிழை "சரிபார்ப்பு தோல்வி". கையொப்பமிட்ட ஆவணத்துக்கான சரிபார்ப்புத் தொகையில் மைம் (உள்ளடக்க வகையைச் சொல்லும்) தலைப்பு வரிகளும் சேரும். நடுவில் ஏதோ ஒரு ப்ராக்ஸியோ வைரஸ் தடுப்போ ஒரு வரி முடிவை மாற்றினாலும் தொகை மாறிவிடும். எனவே அந்தப் பாதையில் டிஎல்எஸ்-ஐத் திறந்து பார்க்கும் பெட்டி எதுவும் இருக்கக்கூடாது.

இன்னொன்று வேடிக்கையானது. அல்காரிதம் பெயரை ஒருவர் "எஸ்எச்ஏ256" என்று எழுதுவார், மற்றவர் நடுவில் கோடு போட்டு "எஸ்எச்ஏ-256" என்பார். எஸ்மைம் (கையொப்பமிடும் தரம்) விதி ஒரு பதிப்பில் கோடில்லாமலும் அடுத்த பதிப்பில் கோட்டோடும் எழுதியது. கணக்கு இரண்டிலும் ஒன்றே. ஆனால் கறாரான சர்வர் தெரியாத அல்காரிதம் என்று திருப்பி அனுப்பும். அந்தச் சின்னக் கோட்டுக்கு அரை நாள் போவது சகஜம்.

ஜூன் 6, மதியம் 2:40

எஸ்எஃப்டிபி (பூட்டிய ஃபைல் பரிமாற்றம்) போதாதா? போதும், பல பேருக்கு. போர்ட் 22, ஒரு சாவி ஜோடி, இரண்டு ஃபோல்டர். சர்டிஃபிகேட் காலாவதித் தலைவலி இல்லை. குறை: ரசீது இல்லை. ஃபைல் போய்ச் சேர்ந்தது என்பது தெரியும், அவர் எடுத்தார் என்பது தெரியாது. அதனால் 997 கட்டாயம் வாங்குங்கள், 24 மணி நேரத்தில் வராதவற்றைத் தினமும் பட்டியல் எடுங்கள்.

பாதி ஃபைல் பிரச்சினை இதில்தான் வரும். நீங்கள் இன்னும் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அவருடைய நிரல் எடுத்துக்கொண்டு போய்விடும். வேறு நீட்சியில் ஏற்றி, முழுதாய் முடிந்ததும் பெயர் மாற்றுங்கள். அவருடைய நிரல் இறுதிப் பெயரை மட்டும் எடுக்கட்டும்.

பழைய எஃப்டிபி-யில் இன்னொரு பள்ளம் இருந்தது: வரி முடிவைத் தானே மாற்றும் ஆஸ்கி முறை. ஐஎஸ்ஏ வரி கச்சிதமாக 106 எழுத்து. 4-வது எழுத்து பிரிகுறி, 105-வது உட்பிரிகுறி, 106-வது முடிவுக்குறி. வாசிக்கும் நிரல் அந்த இடங்களை எண்ணிப் பார்த்துத்தான் குறிகளையே தெரிந்துகொள்கிறது. புதுவரியையே முடிவுக்குறியாக வைத்திருந்தால் ஆஸ்கி முறை ஒன்றை இரண்டாக்கிவிடும். அனுப்புபவர் பெயருக்குப் பின்னால் 15 எழுத்து நிரப்ப இருக்கும் வெற்றிடங்களை எடிட்டரில் திறந்த யாராவது "சுத்தம்" செய்தாலும் கதி அதுவே. எண்ணிக்கை சரியும், ஃபைல் மொத்தமும் திரும்பும்.

மின்னஞ்சல் வேண்டாம். ஏஎஸ்1 என்று முறையான வடிவமே இருக்கிறது, ஆனாலும் வேண்டாம். பேஸ்64 குறியாக்கத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருக்கும், ஸ்பாம் வடிகட்டி விழுங்கும்.

ஜூன் 7, இரவு 8:25

ஏபிஐ (நிரலும் நிரலும் நேரடியாகப் பேசும் வழி) பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கையிருப்பு எவ்வளவு, பார்சல் எங்கே என்று கேட்டு உடனே பதில் வேண்டும் என்றால் ஏபிஐ சரி. ஆர்டர், இன்வாய்ஸ் என்றால் ஒவ்வொரு பார்ட்னரும் தன் இஷ்டப்படி ஒரு ஏபிஐ வைத்திருப்பார், பதிப்பும் மாற்றுவார். 40 பேருக்கு 40 நிரல். அழைப்பு இலவசம், நிரலாளர் இலவசம் இல்லை.

பெப்போல் (மின்-இன்வாய்ஸ் வலையமைப்பு) வட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த விவாதமே வேறு. அங்கே நீங்கள் ஓர் அணுகு முனையத்துக்கு மட்டும் போனால் போதும், முனையங்களுக்கு இடையில் ஏஎஸ்4 என்ற நெறிமுறை (2020 பிப்ரவரி 1 முதல் அதுவே கட்டாயம்). ஒரு வகையில் பார்த்தால் வேனும் வேனும் இணைந்ததைப் போலத்தான், பெயர் புதிது.

ஜூன் 8, காலை 7:15

முதல் நாள் "மூன்று பேரை மாற்றுங்கள்" என்றேன். அதில் ஒரு மறுயோசனை: சர்டிஃபிகேட்.

பொது டிஎல்எஸ் சர்டிஃபிகேட்டின் ஆயுள் சுருங்கிக்கொண்டே வருகிறது. 2020 செப்டம்பர் முதல் அதிகபட்சம் 398 நாள். 2026 மார்ச் 15 முதல் 200, 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 நாள். உங்கள் டிஎல்எஸ் சர்டிஃபிகேட்டைப் பார்ட்னர் தன் சர்வரில் கையால் ஏற்றி வைத்திருந்தால், 47 நாளுக்கு ஒரு முறை அவருக்கு அஞ்சல், பதிலுக்குக் காத்திருப்பு, தேதி குறிப்பது. 37 பேரோடு இதைச் செய்ய யாராலும் ஆகாது. மூன்று பேரோடே கஷ்டம்.

வழி: டிஎல்எஸ் பக்கம் தனிச் சர்டிஃபிகேட்டை நம்பச் சொல்லாதீர்கள், வழங்கும் அமைப்பின் மூலச் சர்டிஃபிகேட்டை நம்பச் சொல்லுங்கள். அப்போது நீங்கள் எத்தனை முறை புதுப்பித்தாலும் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. கையொப்பத்துக்கும் பூட்டுவதற்கும் நீங்களே உருவாக்கிய தனிச் சர்டிஃபிகேட், இரண்டு மூன்று ஆண்டு ஆயுளோடு. அந்த 47 நாள் விதி இதற்குப் பொருந்தாது. இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பவர்கள் இப்போதே பிரித்துவிடுங்கள்.

கையொப்பச் சர்டிஃபிகேட் மாற்றும் நாளில் வரிசை முக்கியம். முதலில் அவர் உங்கள் புதியதையும் ஏற்றி, பழையதையும் வைத்திருக்க வேண்டும். பிறகு நீங்கள் புதியதில் கையொப்பமிடத் தொடங்க வேண்டும். உங்கள் பழைய தனிச்சாவியை அழிக்காதீர்கள், அவர் இன்னும் சில நாள் பழையதில் பூட்டி அனுப்புவார். வெள்ளிக்கிழமை மாலை இதைச் செய்யக்கூடாது என்று சொல்லவேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 9, மாலை 5:50

கேள்வி கேட்டவர் பில்லை எடுத்துவந்துவிட்டார்: குறைந்தபட்சம் 1 கிலோ கேரக்டர், ஆவணத்துக்கு ஆவணம் முழுமையாக்கல். ஆக என் முதல் கணக்கே அவருக்குப் பொருந்துகிறது, திருத்தங்களில் முதலாவதுதான் வீண். மூன்று பெரிய பார்ட்னர்களில் இருவர் வேறு வேனில் இருப்பதால் இணைப்புக் கட்டணமும் இருக்கிறது.

அப்படியென்றால் வேலை வரிசை இது. இந்த வாரமே புதுவரியை நீக்கி, இன்வாய்ஸைத் தொகுக்கத் தொடங்குங்கள். இதற்கு யார் அனுமதியும் பணமும் வேண்டாம், பார்ட்னருக்கு ஒரு தகவல் போதும். பிறகு வேறு வேனில் இருக்கும் இரண்டு பெரியவர்களை ஏஎஸ்2-க்கு. மூன்றாமவர் உங்கள் வேனிலேயே இருக்கிறார், இணைப்புக் கட்டணம் இல்லை. ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள். 37 பேர் அங்கேயே இருக்கட்டும்.

ஜூன் 9, இரவு 9:20

மாற்றும் நாளுக்கு ஒரு குறிப்பு. ஐஎஸ்ஏ13 எண்ணை 1-இலிருந்து தொடங்காதீர்கள். பாதை மாறினாலும் எண் தொடர வேண்டும், இல்லையென்றால் பார்ட்னரின் இரட்டிப்புக் காவல் உங்கள் புது இன்வாய்ஸ்களை எல்லாம் பழையது என்று சத்தமில்லாமல் தூக்கிப் போடும். வேனில் அந்த இருவருக்கான வழித்தடத்தை இரண்டு மாதம் திறந்தே வைத்திருங்கள், அஞ்சல்பெட்டியைத் தினமும் ஒரு முறை எட்டிப் பாருங்கள். அவர்கள் பக்கம் ஆர்டர் புதுப் பாதைக்கு மாறியிருக்கும், ஆர்டர் திருத்தம் இன்னும் பழைய அட்டவணையில் இருக்கும். 850 சர்வருக்கு வரும், 860 வேன் பெட்டியில் கிடக்கும்.